பெத்தவளைப் பூட்டி வைத்த ஆஸ்பத்திரி

2010 செப்டம்பரில் நைரோபி நகரத்தின் பும்வானி மகப்பேறு மருத்துவமனையில் ஒரு பெண் பிள்ளை பெற்றாள். பில் கட்டக் காசில்லை. காசில்லாதவளை வீட்டுக்கு விடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். மூன்று வாரத்துக்கும் மேலாகப் பச்சைப் பிள்ளையோடு அவளை உள்ளேயே அடைத்து வைத்தார்கள். கட்டில் கிடையாது. கக்கூஸ் ஓரம் வெறுந்தரையில் படுக்கை. அவளும், அதே கொடுமையை அனுபவித்த இன்னொரு பெண்ணும் 2012இல் வழக்குப் போட்டார்கள். 2015 செப்டம்பரில் கென்ய உயர்நீதிமன்ற நீதிபதி மும்பி நுகி தீர்ப்புச் சொன்னார். கடனுக்காகத் தாயைப் பிடித்து வைப்பது சட்டவிரோதம், அது அவளுடைய சுதந்திரத்தையும் மாண்பையும் மீறிய செயல், இருவருக்கும் நஷ்டஈடு கொடு என்பது தீர்ப்பு. இதைச் சொல்ல ஒரு நாட்டுக்கு ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

ஆப்பிரிக்கா சமாச்சாரம் நமக்கெதுக்குன்னு சில தோழர்கள் கேட்பாங்க. கறுப்பு இலக்கியத்தை மொழிபெயர்த்துப் பக்கம் பக்கமாப் போட்டவர்கள் நாம். பம்பாயில் 1972இல் தலித் பேந்தர்கள் பெயர் எடுத்ததே கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான். 2001இல் டர்பன் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியும் பேசப்படணும்னு நம்ம ஆட்கள் போய் நின்றது ஆப்பிரிக்க மண்ணில்தான். கறுப்பு மனிதனின் கோபம் நமக்கு வேணும், கவிதை வேணும். கறுப்புப் பொம்பளையின் பிரசவ வலி மட்டும் 'சுகாதாரத் துறை விஷயம்' ஆகிப்போச்சு. இதில் நம் இயக்க ஆண்களின் பார்வையும் கலந்திருக்குன்னு நான் நினைக்கிறேன். கோபம் வந்தாலும் பரவாயில்லை.

நைரோபி 1899இல் ரயில்பாதைக்காகப் போட்ட முகாம். மேற்கே மேடான குளிர்ந்த நிலம் வெள்ளைக்காரனுக்கு. கிழக்கே தாழ்வான களிமண் நிலம் கறுப்பனுக்கு. இடையில் நம்ம நாட்டிலிருந்து போன வியாபாரிகளும் குமாஸ்தாக்களும். ஊர், சேரி என்று நாம் சொல்வதை அங்கே நகரத் திட்டம் என்றார்கள். கறுப்பு ஆம்பளை நகரத்துக்குள் நடமாட 'கிபாண்டே' என்ற அனுமதிச் சீட்டைத் தகர டப்பாவில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளணும். (பேஷ்வா ஆட்சியில் கழுத்தில் கலயம் கட்டி நடந்தவர்களின் வாரிசுகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.) ஆம்பளைக்குச் சீட்டாவது உண்டு. பொம்பளை நகரத்துக்கு வரவே கூடாதென்பதுதான் கணக்கு. அவன் உழைக்கட்டும், ஊருக்குத் திரும்பட்டும், அவள் அங்கேயே பெத்து வளர்க்கட்டும். அப்படி 'கறுப்பர் குடியிருப்பு' என்று 1920களில் ஒதுக்கிய இடம்தான் பும்வானி. அந்த ஆஸ்பத்திரி ஒரு வெள்ளைக்காரக் கவர்னரின் மனைவி பெயரில் தொடங்கப்பட்டது.

விடுதலை 1963இல் வந்தது. நிலம் வரவில்லை. கிபேரா, மதாரே, கொரொகோச்சோ என்று தகரக் கூரைக் குடியிருப்புகள் பெருகின. இருப்பவர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். நிலம் அரசுடையது, ஆகவே குடியிருப்பு 'சட்டவிரோதம்', ஆகவே குழாய் வராது, சாக்கடை வராது, ஆஸ்பத்திரி வராது. 2009இல் அங்கத்திய இளவட்டங்களே தெருத்தெருவா நடந்து வரைபடம் போடும் வரைக்கும் நகர வரைபடத்தில் கிபேரா வெற்றிடமாகத்தான் கிடந்தது. லட்சக்கணக்கான பேர் வாழும் வெற்றிடம்!

கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போ என்று அம்பேத்கர் நமக்குச் சொன்னார். சரியாத்தான் சொன்னார். நகரத்தில் டாக்டர் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம் என்று நாமும் நம்புறோம். ஆனால் நைரோபியிலுள்ள ஆப்பிரிக்க மக்கள்தொகை, சுகாதார ஆய்வு மையம் 2000இல் எடுத்த கணக்கைப் பாருங்கள். உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறந்தவை கென்யாவின் கிராமங்களில் 113. நைரோபி முழுசுக்கும் சேர்த்தால் 62. நைரோபியின் குடிசைப் பகுதிகளில் மட்டும் 151. ஆஸ்பத்திரி இல்லாத காட்டுக் கிராமத்தைவிட ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற குடிசையில் பிள்ளை அதிகம் செத்திருக்கு. அதற்காக யாரும் கிராமத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவேண்டாம். பும்வானி 62ஆ 151ஆ என்று யார் முடிவு பண்ணினார்கள் என்பதுதான் என் கேள்வி.

அதே மையம் கொரொகோச்சோவிலும் விவாண்டானியிலும் 2003 முதல் 2005 வரை நடந்த தாய்மார் சாவுகளை வீடுவீடாக விசாரித்தது. கொரொகோச்சோவுக்குப் பக்கத்தில்தான் நகரத்தின் குப்பை முழுக்கக் கொட்டும் தண்டோரா மேடு. விவாண்டானி தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருப்பது, பெயரின் பொருளும் அதுதான். லட்சம் பிரசவத்துக்கு 706 சாவு என்று கணக்கு வந்தது. விசாரித்த 29 சாவுகளில் பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருந்தது சுமார் ஐந்தில் ஒன்றுக்குத்தான். காரணங்களில் முதலிடம் எது தெரியுமா? கருக்கலைப்பின் பின்விளைவு. அடுத்துதான் ரத்தப்போக்கு, சீழ், வலிப்பு, கருப்பை கிழிதல். உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தென்றால் கலைக்கலாம் என்று 2010 அரசியல் சட்டம் சொல்லுது. அதை எப்படிச் செய்வதென்ற வழிகாட்டலை 2013 டிசம்பரில் அமைச்சகமே திரும்ப வாங்கிக்கொண்டது. அப்படி வாங்கியது தப்பு என்று 2019இல் நீதிமன்றம் சொன்னது. இடைப்பட்ட ஐந்தரை வருஷம் காசுள்ளவள் கிளினிக்குக்குப் போனாள். இல்லாதவள் எங்கே போனாள் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தனைக்கும் நிபுணர்கள் எழுதும் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் வார்த்தை 'விழிப்புணர்வு'. தாய்மார்களுக்குத் தெரியலையாம், சொல்லிக் கொடுக்கணுமாம். இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்மையும் இப்படித்தான் அழுக்கு, அறியாமை, மூடநம்பிக்கைன்னாங்க. தாய்ப்பாலையே எடுத்துக்குங்க. அந்த இரண்டு குடியிருப்புகளிலும் ஆறு மாதம் வரை வெறும் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் நூற்றுக்கு இரண்டுதான் என்று 2011இல் வந்த ஆய்வு சொன்னது. உடனே தாய்க்குப் பாடம் எடுக்கலாம்! அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கணுமா வேண்டாமா? 'மாமா ஃபுவா' என்பார்கள். (சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. நம் மாமா இல்லை.) துணி துவைக்கிற அம்மா. காலையில் நடுத்தர வர்க்கக் குடியிருப்புகளின் வாசலில் போய் உட்காரணும், யாராவது கூப்பிட்டால் துவைக்கணும், கூப்பிட்டால்தான் அன்றைக்குச் சோறு. பிள்ளையைக் கொண்டுபோனால் கூப்பிடமாட்டாங்க. பக்கத்து வீட்டில் காசு கொடுத்து விட்டுட்டுப் போறாள். பால் மார்பில் கட்டி வலிக்குது, பிள்ளை அங்கே கஞ்சி குடிக்குது. அந்தக் கஞ்சிக்கு ஊற்றும் தண்ணீர் சாக்கடையைத் தாண்டி வரும் பிளாஸ்டிக் குழாயில் வருது. கேனுக்கு இவ்வளவு என்று விலை வேறு, வீட்டுக்குக் குழாய் வைத்திருக்கிற பணக்காரன் கொடுப்பதைவிட அதிக விலை. வயிற்றுப்போக்கு வந்து பிள்ளை செத்தால் 'தாயின் அறியாமை'.

கென்யாவில் மூன்று மாதப் பேறுகால விடுப்புச் சட்டம் உண்டு. வாசலில் உட்கார்ந்து கூப்பிடுவார்களா என்று காத்திருப்பவளுக்கு யார் முதலாளி? 1928இல் பம்பாய் சட்டசபையில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதா வந்தபோது அம்பேத்கர் எழுந்து அதை ஆதரித்தார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டு நலன், அவள் உழைப்பில் லாபம் பார்க்கிறவன் அந்தச் செலவில் பங்கு ஏற்கட்டும் என்பது அவர் வாதம். இன்றைக்கும் இதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் பேசி நான் படிக்கவில்லை.

அரசு ஒன்றுமே செய்யலைன்னு சொன்னால் பொய். 2013 ஜூன் 1ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவம் இலவசம் என்று ஜனாதிபதி உகுரு கென்யாட்டா அறிவித்தார். கூட்டம் அலைமோதியது. பெண்கள் 'விழிப்புணர்வு' வகுப்புக்குப் போய்விட்டு வரவில்லை, காசு கேட்கமாட்டார்கள் என்றதும் வந்தார்கள். ஆனால் வந்தவர்களின் எண்ணிக்கைக்குத் தக்கபடி நர்சும் கட்டிலும் கூடவில்லை. 2018 செப்டம்பரில் பும்வானிக்குத் திடீர்ச் சோதனை போன கவர்னர் அட்டைப் பெட்டிகளில் 12 குழந்தைகளின் உடல்களைக் கண்டது இலவசம் வந்து ஐந்து வருஷம் கழித்துத்தான். 2024 அக்டோபரில் பழைய காப்பீட்டையே கலைத்துவிட்டுப் புதுசு கொண்டுவந்தார்கள். நிரந்தர வேலை இல்லாதவர்களும் வருமானத்தில் 2.75 சதம், குறைந்தது மாதம் 300 ஷில்லிங், அதையும் வருஷத்துக்கு மொத்தமாக முன்கூட்டிக் கட்டணும் என்று அது தொடங்கியது. நாள்கூலிக்காரியிடம் வருஷச் சந்தா! திட்டம் போட்டவன் எந்தக் கூலிக்காரியின் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தான்?

இலவசம் வந்தாலும் தீராத ஒன்று இருக்கு. கென்யாவில் 13 மருத்துவமனைகளில் பிரசவமாகி வெளியே வந்த பெண்களைக் கேட்டதில் ஐந்தில் ஒருத்தி அவமானப்பட்டதாகச் சொன்னாள் என்று 2015இல் ஆய்வு வந்தது. திட்டு, அடி, எல்லார் முன்னாலும் திரையில்லாமல் கிடத்துவது. ஆம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு, பொட்டப் பிள்ளைக்கு இவ்வளவு என்று ஆயாம்மா ரேட்டு சொன்ன வார்டில் பெற்றவர்களுக்கு, 'படுக்கும்போது தெரியலையா' என்ற வசவைக் கேட்டவர்களுக்கு, நான் சொல்வது புரியும். எனக்கும் கிடைத்தது அது. அதனால்தான் அந்தப் பெண்கள் தெருவிலுள்ள மருத்துவச்சியிடமே, 'ம்குங்கா' என்கிறார்கள், போகிறார்கள். அவள் திட்டமாட்டாள், வெந்நீர் வைப்பாள். ரத்தம் நிற்கலைன்னா அவளிடம் மருந்து கிடையாது, அதையும் மறைக்கக்கூடாது. மருத்துவச்சியைப் புனிதப்படுத்துகிற வேலையும் நமக்கு வேண்டாம்.

ராத்திரி இன்னொரு பிரச்சனை. சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது, டாக்சிக்காரன் வரமாட்டான். கக்கூசுக்குப் போகவே பயந்து பிளாஸ்டிக் பையில் போய் வீசி எறிகிற இடத்தில், வலி கண்டவள் நடந்து மெயின் ரோட்டுக்கு வரணும். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு போட்டு ராத்திரி வெளியே வந்தால் போலீஸ் அடித்தபோது ஜெமிமா கரியுகி என்ற இளம் பெண் மருத்துவர் டாக்சிக்காரர்களைச் சேர்த்து, ஒரு இலவசத் தொலைபேசி எண் வைத்து, வலி வந்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். ஒரு மருத்துவர் செய்ய முடிந்ததை அறுபது வருஷ அரசு செய்யலை என்பதை எழுதி வைக்கிறேன்.

2023இலிருந்து லட்சம் சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ஷில்லிங் ஊக்கத்தொகை தருவதாக அரசு ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் பல வருஷம் பெரும்பாலும் ஓசி உழைப்பு. ஏழைப் பெண்ணைக் காப்பாத்த இன்னொரு ஏழைப் பெண் சும்மா உழைக்கணும், அதற்குப் பெயர் 'தன்னார்வம்'. ஊக்கத்தொகை வேண்டாம், சம்பளம் கொடுன்னு கேட்கிறவர்கள் பக்கம் நான்.

ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அந்த 2015 தீர்ப்பை முழுசாகத் தமிழில் போடுங்கள். பொதுவில் கிடைக்கிறது, எளிய ஆங்கிலம், நானே மொழிபெயர்த்துத் தருகிறேன். பக்கம் பத்தாதென்றால் கவிதைப் பக்கத்தில் இரண்டைக் குறைக்கலாம். என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.