குளிர் காற்று கொடுத்தார்கள், கூட்டாளியைப் பறித்தார்கள்!

லாரி டிரைவருக்கு இனி வேர்க்காதாம்! 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டிருக்கிறது. பேஷ்! எஞ்சின் சூட்டில் வெந்தவனுக்கு இது வேண்டியதுதான். ஆனால் அந்தக் குளிர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள், தோழர்களே. ஒரே ஒருவர்!

நேஷனல் பர்மிட் கனரக லாரியில் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும், மாற்று டிரைவர் கால் நீட்டித் தூங்க முன் ஆசனத்துக்குப் பின்னால் முழு அகலத்துக்கு இடம் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 90 சொல்லி வந்தது. முதலாளிகள் அதை ஒழுங்காக மதித்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டாவது டிரைவர் எத்தனையோ லாரிகளில் காகிதத்தில்தான் பயணம் செய்தார். ஆனாலும் தட்டிக் கேட்க ஒரு விதி இருந்தது. 2018-ல் மோடி சர்க்கார் இரண்டு டிரைவர் நிபந்தனையையே வெட்டி எறிந்தது. அதே ஆண்டு ஜூலையில் லாரிகள் ஏற்றலாம் என்ற பாரத்தையும் உயர்த்தியது. மொத்தம் 16.2 டன்னோடு ஓடிய இரண்டு அச்சு லாரி 18.5 டன்னோடு ஓடலாம் என்றது. பாரம் ஏறியது, ஆள் குறைந்தது!

பூஞ்சேரி கூட்டு ரோட்டு டீக்கடையில் ஒரு டிரைவரோடு பேசினோம். மதுராந்தகம் பக்கத்து விவசாயத் தொழிலாளியின் மகன். மாமல்லபுரத்துப் பட்டறைகளில் செதுக்கிய கற்சிலைகளை ஏற்றிக்கொண்டு கல்கத்தா போகிறவர். ஏறக்குறைய 1,700 கிலோ மீட்டர். கிளீனர் எங்கே என்றோம். "கிளீனருக்கு யாருண்ணே சம்பளம் குடுப்பா? நான்தான் டிரைவர், நான்தான் கிளீனர், நான்தான் வாட்ச்மேன்" என்றார். மாதச் சம்பளம் கிடையாது, டிரிப்புக்கு இவ்வளவு என்று பேச்சு. டயர் வெடித்து ஒரு நாள் நின்றாலும் அதே தொகைதான். தூங்குவது எப்போது என்று கேட்டதற்குச் சிரித்தார்.

அவர் தலைக்கு மேல் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. சரக்கோடு போகும் ஈ-வே பில்லுக்குக் கெடு உண்டு. 2018 ஏப்ரலில் வந்தபோது 100 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். 2021 ஜனவரி 1 முதல் அதே ஒரு நாளில் 200 கிலோ மீட்டர் கடக்க வேண்டும். கெடு முடிந்தால் லாரியை மடக்கி அபராதம் போடலாம். சரக்கு எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் சர்க்கார், அதை ஓட்டுகிறவன் எத்தனை மணி நேரம் கண் மூடினான் என்று ஏன் கணக்குப் பார்ப்பதில்லை?

சட்டமே இல்லையா? இருந்தது. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. நெடுந்தூர ஓட்டத்துக்கு அனுமதி பெற்றாலும் 10 மணி, 54 மணிக்கு மேல் கூடாது என்றது. ஆனால் ஐந்து தொழிலாளிக்குக் குறைந்த இடத்தில் அது தானாகச் செல்லாது. இரண்டு லாரி தன் பேரில், இரண்டு மனைவி பேரில், இரண்டு மைத்துனன் பேரில்! ஓட்டையை அடைப்பார்கள் என்று பார்த்தால், 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்பு பழைய சட்டத்தை விழுங்கிவிட்டு ஐந்தைப் பத்தாக்கிவிட்டது!

ஒன்றிரண்டு லாரிகளைக் கடனில் வாங்கி ஓட்டும் சின்ன உடைமையாளர் மேல் முழுப் பழியையும் போட மாட்டோம். மறைமலை நகர், ஒரகடம் ஆலைச் சரக்கு பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறது. அவன் புரோக்கரிடம் தள்ளுகிறான், புரோக்கர் சின்ன லாரிக்காரரிடம் தள்ளுகிறான். கைமாறும் இடமெல்லாம் வாடகை குறைகிறது. கடைசியில் டிரைவர் யாருடைய ஆள் என்று கேட்டால் எவனும் கை தூக்குவதில்லை.

கல்கத்தாவைத் தாண்டினால் பெட்ராபோல், வங்கதேச எல்லை. அங்கே லாரிகள் வாரக்கணக்கில் வரிசையில் நின்றதுண்டு. நான்கு நாடுகளின் வாகனங்கள் தடையின்றி ஓட 2015 ஜூனில் திம்புவில் ஒப்பந்தம் போட்டார்கள். 2017 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 185 புதிய லாரிகளைக் கப்பலில் மோங்லாவுக்கு அனுப்பினார்கள். மந்திரி நிதின் கட்காரி கொடியசைத்தார். 1,500 கிலோ மீட்டர் சாலை ஓட்டம் மிச்சம் என்றார்கள். விற்கப் போகும் லாரி அலுங்காமல் போகக் கப்பல் கிடைத்தது. எல்லையில் அடுப்பு மூட்டிக் காத்திருக்கும் டிரைவருக்கு என்ன கிடைத்தது?

டிரைவர்களைச் சேர்க்க முடியாது, ஆளுக்கொரு ரோடு என்பார்கள். 2024 ஜனவரி 1, 2 தேதிகளை மறந்துவிட்டார்களா? விபத்தைத் தெரிவிக்காமல் போனால் 10 ஆண்டு வரை சிறை என்ற நியாய சன்ஹிதா 106(2) பிரிவை எதிர்த்து வட நாட்டில் லாரிகள் நின்றன. பெட்ரோல் பங்குகள் வறண்டன. உள்துறைச் செயலாளர் பேச்சுவார்த்தை நடத்தினார். ஜூலை 1-ல் மற்றப் பிரிவுகள் அமலுக்கு வந்தபோது, அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தார்கள்.

ஆலைத் தோழர்களே, உங்கள் வாசலில் லோடு ஏற்ற வரும் லாரியில் எத்தனை டிரைவர் என்று கேளுங்கள். இரண்டு டிரைவர் இல்லாத நெடுந்தூர லாரிக்குச் சரக்குக் கொடுக்கக் கூடாது, காத்திருக்கும் நாளுக்கும் படி வேண்டும் என்பதை உங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் லாரிக்குப் போன பிள்ளைகளின் பெயர்களை எழுதிக் கொடுங்கள். பூஞ்சேரியிலும் பரனூரிலும் அவர்கள் டீ குடிக்க நிற்கும்போது நாம் போய்ப் பேசுகிறோம்.