வட்டம் சுற்றுகிறது, படம் வரவில்லை!

கொள்ளிடக் கரையில் உள்ள ஊர் திருமழபாடி. இங்கே பங்குனியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று சுற்று வட்டாரத்தில் சொல்வார்கள்.

ஆனால் வீட்டுக்குள் வேறொரு நந்தி வந்து குறுக்கே உட்கார்ந்து விடுகிறது. டெலிவிஷன் திரையில் சுற்றுகிறதே ஒரு வட்டம், அதுதான்!

நேற்றுவரை நன்றாக ஓடிய பெட்டி. 'அப்டேட்' கேட்டது. சரி என்று அமுக்கினோம். அதன்பிறகு நத்தை வேகம்!

காரணம் என்ன?

இணையப் படம் காட்டும் மலிவான பெட்டிகள் பலவற்றில் நினைவகம் 1 ஜி.பி. சேமிக்கும் இடம் 8 ஜி.பி. அவ்வளவுதான். மென்பொருளோ ஒவ்வொரு தடவையும் பெருக்கிறது. ஒற்றை மாட்டு வண்டியில் இரட்டை மாட்டுப் பாரம் ஏற்றினால் மாடு என்ன செய்யும்?

உடனே புதுப்பெட்டி வாங்க ஓட வேண்டாம். ஓர் இரவு பொறுங்கள். அப்டேட் ஆனபின் கொஞ்ச நேரம் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். பிறகு மின் இணைப்பைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். பார்க்காத செயலிகளை நீக்குங்கள். மற்றவற்றில் 'கேச்' என்ற பெயரில் சேரும் குப்பையைத் துடையுங்கள். டி.வி.யின் யு.எஸ்.பி. துளையில் மின்சாரம் எடுக்காமல், பெட்டியோடு வந்த அடாப்டரையே மாட்டுங்கள்.

எல்லாவற்றையும் அழிக்கும் 'ரீசெட்' கடைசி மருந்து. கடவுச்சொற்களை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் அவசரம் கூடாது. 2025 மார்ச்சில் கூகுளின் பழைய குரோம்காஸ்ட் பெட்டிகள் உலகெங்கும் நின்றுபோயின. பழுது வீட்டில் இல்லை. கம்பெனியின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது! ரீசெட் செய்யாதீர்கள் என்று கம்பெனியே சொல்லியது. பிறகு புது மென்பொருள் அனுப்பிச் சரி செய்தது.

அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடலாமா? கூடாது. திருடர் நுழையும் ஓட்டையை அடைப்பதும் அதுதான்.

கம்பெனிகளைக் கேட்பார் இல்லையா? வெளிநாட்டில் கேட்டார்கள். அப்டேட்டால் பழைய ஐபோன்கள் மந்தமாகலாம் என்று வாங்கியவர்களிடம் சொல்லாததற்காக, 2020-ல் ஆப்பிள் கம்பெனிக்குப் பிரான்ஸ் 2½ கோடி யூரோ அபராதம் போட்டது. பேட்டரி தேய்ந்த போன் திடீரென்று அணையாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்பது கம்பெனியின் வாதம். இருக்கலாம். முன்கூட்டியே சொல்வதில் என்ன கஷ்டம்?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், இணையத்தில் சேரும் சாமான்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவரை கிடைக்கும் என்று தயாரிப்பவர் சொல்லியே ஆகவேண்டும். நம் ஊரில் பெட்டி வாங்கும்போது இதை நாமே கடைக்காரரிடம் கேட்கவேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். புகார் சொல்ல, தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915.