நான்கு தடம், ஒரே ஆள்

மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு, பானாப்டிகான் என்ற அமெரிக்க பிளாக் மெட்டல் பேண்டின் ‘கென்டக்கி’ ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். டிரம்ஸ் சீறிக்கொண்டு போனபோது அவர் விரல்கள் தொடையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. “நல்ல கை. மொத்தம் எத்தனை பேருங்க?” என்றார். ஓரிரு விருந்தாளிகளைத் தவிர்த்தால் கிட்டார், பாஸ், பாஞ்சோ, டிரம்ஸ், குரல் எல்லாமே ஆஸ்டின் லன் என்ற ஒரே ஆள்தான் என்றேன். விரல் நின்றுவிட்டது. “அப்ப இது கச்சேரி இல்லைங்க, சாதகம்.”

தனியாள் மெட்டல் மீது நான் கேட்ட குற்றச்சாட்டுகளில் நாகரிகமானது இதுதான். மெட்டல் கேட்கிறவர்களே இதைவிடக் கடுமையாகப் பேசுவார்கள். சேர்ந்து வாசிக்க ஆள் கிடைக்காதவன் செய்கிற வேலை, வாசிக்கத் தெரியாததை இரைச்சலால் மூடுகிறான், டிரம்ஸுக்கு மெஷின், மனசுக்குள் முழுக்க வெறுப்பு என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்த்தால் சில விழுந்துவிடுகின்றன. சில விழவில்லை.

முதலில், வாசிக்கத் தெரியாது என்பது. டெத் மெட்டலின் அடிக்கற்களில் ஒன்றாகப் பலரும் எண்ணும் ஆல்பம் டெத் பேண்டின் ‘ஸ்க்ரீம் ப்ளடி கோர்’, 1987. கிட்டார், பாஸ், குரல் மூன்றும் சக் ஷுல்டினர். டிரம்ஸ் கிறிஸ் ரைஃபர்ட். அவ்வளவுதான், இரண்டே பேர். அட்டையில் இன்னொரு கிட்டார்காரர் பெயரும் உண்டு, ஆனால் அவர் ஒரு சுரம்கூட அதில் வாசிக்கவில்லை. பேண்ட் என்றால் நாலு முகம் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கைக்காக ஒரு பெயரைச் சேர்க்க வேண்டியிருந்திருக்கிறது! ஸ்வீடனின் டான் ஸ்வானோ 1998இல் ‘மூன்டவர்’ ஆல்பத்தை முழுக்கத் தன் கையாலேயே செய்தார். டெத் மெட்டலில் கை சற்றுத் தளர்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். உறுமல் கனமானது, ஆனால் கிட்டார் நறுக்கும் இடமும் டிரம்ஸ் நிற்கும் இடமும் மயிரிழை பிசகக் கூடாது. தெரியாதவர் அங்கே ஒளிய முடியாது.

பிளாக் மெட்டலில் ஒளியலாமே என்பார்கள். அதன் ஒலி மங்கலானது, கிறீச்சிடுவது, ஒரே கம்பியை ஓயாமல் அதிரவிட்டுப் பனிமூட்டம்போல் ஆக்குவது. சரி, அந்த மங்கல் இயலாமையால் வந்ததா? நார்வேயின் டார்க்த்ரோன் 1991இல் வெளியிட்ட முதல் ஆல்பம், ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவான, சிக்கலான டெத் மெட்டல். அதாவது வாசிக்கவும் தெரியும், நல்ல ஸ்டுடியோவுக்கு வழியும் தெரியும். அதே பேண்டின் ஃபென்ரிஸ் மூன்றாண்டுகள் கழித்து ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ ஆல்பத்தின் எல்லா வாத்தியங்களையும் வீட்டிலேயே ஒரு நான்கு தட கேசட் ரெக்கார்டரில் தனியாக வாசித்துப் பதிந்தார். பாடியவர் மட்டும் இன்னொருவர். மெருகு கைக்கு எட்டிய பிறகு அதைத் தள்ளி வைத்தவர்கள் அவர்கள். பெர்கன் நகரில் சிம்பொனி இசைக்குழு வாசிக்கும் கிரீக்ஹாலன் அரங்கத்தின் ஸ்டுடியோவில் முதல் ஆல்பத்தைப் பதிந்த பர்ஸம், அடுத்த ஆண்டு ‘ஃபிலாசஃபெம்’ பதிவின்போது இருப்பதிலேயே மட்டமான மைக்கைக் கேட்டு வாங்கியது. கிடைத்தது ஒரு ஹெட்செட் மைக். கிட்டாரை அதற்கான ஆம்ப்ளிஃபயரில் சொருகாமல் வீட்டு ஸ்டீரியோ வழியாக விட்டது. பர்ஸம் என்றால் ஒரே ஆள். அந்த ஆளைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

நான்கு தட ரெக்கார்டரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நண்பருக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது. கேசட்டை ஏ பக்கம், பி பக்கம் என்று திருப்பிப் போட்டுக் கேட்டவர்களுக்கு எளிதாகப் புரியும். ஒரு பக்கத்துக்கு இடம், வலம் என்று இரண்டு தடம். இரு பக்கமும் சேர்ந்தால் நான்கு. 1979இல் வந்த டாஸ்காமின் போர்ட்டாஸ்டுடியோ, இந்த நான்கையும் ஒரே திசையில் ஓடவிட்டு ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பதிய வழிசெய்தது. நான்கு போதாவிட்டால், மூன்றில் பதிந்ததைக் கலந்து நான்காவதில் இறக்கிவிட்டு, அந்த மூன்றையும் அழித்து மறுபடி நிரப்பலாம். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் ‘உஸ்’ என்ற இரைச்சல் கூடும், ஒலியின் மேல்கூர்மை மழுங்கும். இறக்கியதைப் பிரிக்கவும் முடியாது. டிரம்ஸ் கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கலாமே என்று பிறகு தோன்றினால் தோன்றியதுதான்.

நண்பரின் வாதம் இது: இசை என்பது இருவருக்கு நடுவில் நடப்பது. பாடுகிறவர் ஒரு பிடி பிடித்தால் மிருதங்கம் பதில் சொல்லும். பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் இருப்பது வெறும் பயிற்சி. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சினிமா டூயட்டில் இருவரும் வெவ்வேறு நாளில் வந்து பாடிவிட்டுப் போகிறார்களே என்று மடக்கலாம். ஆனால் அது மடக்குதலே தவிர பதில் ஆகாது. தனியாள் பதிவு நடக்கும் விதத்தைப் பார்ப்போம். பெரும்பாலும் டிரம்ஸ்தான் முதலில். கிட்டார் இன்னும் இல்லை, குரல் இல்லை. ஏழெட்டு நிமிடப் பாட்டைத் தலைக்குள் ஓடவிட்டுக்கொண்டு வெறும் அறையில் அடித்து முடிக்க வேண்டும். மிருதங்கக்காரர் காலி மேடையில் முழுக் கச்சேரியையும் வாசித்துவிட்டு எழுந்துபோய், மறுநாள் பாட்டுக்காரராக வந்து உட்காருவது மாதிரி. நேற்றைய டிரம்மர் ஓரிடத்தில் அவசரப்பட்டிருந்தால் இன்றைய கிட்டார்காரர் அதற்கு வளைந்துகொடுத்தாக வேண்டும். அவரிடம் மன்றாட முடியாது, கண் ஜாடை காட்ட முடியாது. இங்கே பதில் ஒரு திசையில்தான் போகும். ஆனால் பதில் உண்டு. சாதகத்தில் பிசகினால் மறுபடி தொடங்கலாம்; இங்கே பிசகின் மேல்தான் அடுத்த மாடியைக் கட்ட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் கிடைக்காத ஒன்றும் உண்டு: “போதும்பா” என்று சொல்ல ஆளில்லை. சுவிட்சர்லாந்தின் பேசாஜ் டிவேர், டோபியாஸ் மோக்ல் என்ற ஒரே ஆளின் வேலை. 1990களின் இறுதியிலிருந்து டெமோக்களாகவே வெளியிட்டுவந்தவர், 2020இல்தான் ‘இம் வால்ட்’ என்பதைத் தன் முதல் ஆல்பம் என்று அழைத்தார். இரண்டு மணிநேரம். பனிக்காட்டில் ஒருவன் நடந்துகொண்டே இருக்கிறான். அதை முழுக்கக் கேட்டிருக்கிறேன், அந்த நீளம் அதற்குத் தேவை என்றும் நினைக்கிறேன். ஆனால் அவரைப் பார்த்துக் கிளம்பிய பலரின் ஆல்பங்களில் பாதியை வெட்டி எறியலாம். பேண்ட் இருந்திருந்தால் பாஸ்காரர் கொட்டாவி விட்டே வெட்டியிருப்பார்.

மெஷின் டிரம்ஸ் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. அடுக்குமாடி வீட்டில் இரவு பதினொரு மணிக்கு டிரம் செட்டை வைத்து பிளாஸ்ட் பீட் என்ற அதிவேகத் தாளத்தை அடித்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சோம்பேறித்தனமாக நிரல் எழுதியவர்கள் ஏராளம், அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் மினசோட்டாவின் ப்யூட்ரிட் பைல், மெஷினை ஓடவிட்டு மேடையில் தனியாகக் கிட்டாரோடு நின்று டெத் மெட்டல் உறுமுகிறார். ஒளிப்பதற்கு எதுவும் இல்லாத அந்தக் காட்சியை ஏமாற்று என்று எப்படிச் சொல்வது?

வாத்தியமே மாறிவிடும் வசதியும் தனியாளுக்கு உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் பாட்டனிஸ்ட் 2011இல் வந்த முதல் வெளியீட்டில் கிட்டாரே வைக்கவில்லை. டிரம்ஸும், நம் சந்தூரின் உறவுக்காரியான, சிறு சுத்தியலால் கம்பிகளைத் தட்டும் டல்சிமரும்தான். பாட்டெல்லாம் மனிதர்கள் ஒழிந்த பூமியைச் செடிகொடிகள் திரும்பப் பிடிப்பதைப் பற்றி. நாலு பேர் கூடிய பேண்டில் “கிட்டார் வேண்டாம், சந்தூர் போதும், செடியைப் பற்றிப் பாடுவோம்” என்று சொல்லிப் பார்க்கட்டும்.

இனி வெறுப்பு. இங்கே மறுப்பை அடக்கித்தான் வாசிக்க வேண்டும். பர்ஸத்தின் வார்க் விகெர்னெஸ், 1993 ஆகஸ்டில் சக இசைக்காரர் ஆய்ஸ்டைன் ஆர்செத்தைக் குத்திக் கொன்றவர். தேவாலயங்களை எரித்த வழக்குகளும் சேர்த்து 1994இல் நார்வேயின் உச்சபட்சத் தண்டனையான 21 ஆண்டு கிடைத்தது. அவருடைய இனவாதம் யாரும் கட்டிவிட்ட கதை அல்ல. மேலே புகழ்ந்த ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ ஆல்பத்தின் பின்னட்டையிலேயே ஆரியப் பெருமை பேசும் ஒரு வாசகம் இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகுதான் போனது. டென்மார்க்கின் அமலீ ப்ரூன், மைர்க்குர் என்ற பெயரில் 2014இல் தனியாகத் தொடங்கினார். ஆள் யாரென்று வெளியே தெரிந்ததும் கொலை மிரட்டல்கள் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வந்த திசை இந்த இசையின் ரசிகர்கள்தாம்.

ஆனால் தனியாக வாசிப்பதால் வெறுப்பு வருகிறது என்பது காரணத்தைத் தவறான இடத்தில் தேடுவது. ஆர்செத்தின் மேஹெம் முழு பேண்ட். தேவாலயங்களைக் கொளுத்தியவர்கள் கூடிப் பழகிய கூட்டம். நண்பருக்கு நான் போட்டுக் காட்டிய ‘கென்டக்கி’யோ 2012இல் வந்த, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய ஆல்பம். ஹார்லன் மாவட்டச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது 1931இல் ஃபிளாரன்ஸ் ரீஸ் எழுதிய தொழிற்சங்கப் பாட்டை, பிளாக் மெட்டல் புயலுக்கு நடுவே பாஞ்சோவோடு கொண்டுவந்து வைக்கிறார் லன். ஒரே ஆள் வாசித்தாலும் அது ஓர் ஊரே பாடிய பாட்டு.

கடைசியாக, மனிதர்களைத் தாங்காதவர்கள் என்ற பேச்சு. கலிஃபோர்னியாவின் ஸ்காட் கானர், ஸாஸ்தர் என்ற பெயரில் இதைவிடத் தனிமையாக யாரும் இருக்க முடியாது என்று தோன்றும் ஆல்பங்களைச் செய்தார். அவரும் இன்னும் சில தனியாள்களும் சேர்ந்து ட்வைலைட் என்று ஒரு பேண்டே ஆரம்பித்து 2005இல் ஆல்பம் போட்டார்கள். அதே ஆண்டு சன் என்ற பேண்டின் ‘பிளாக் ஒன்’ ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குக் கானரைக் கூப்பிட்டார்கள். மூடிய இடமென்றால் அவருக்குப் பயம். அந்தப் பயம் குரலில் வர வேண்டும் என்று ஒரு சவப்பெட்டியில் படுக்கவைத்து, மைக்கை உள்ளே கொடுத்து, மூடி, அமரர் ஊர்திக்குள் ஏற்றிவிட்டார்கள்.

இதை நண்பரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மூடியைத் திறக்க வெளியே ஆள் இருந்தாங்கல்ல?” என்றார்.