‘இஸ்’ என்னும் சிறு சொல்



சென்ற பருவத்தில் ஆங்கிலப் பாடவேளையில் நம் வகுப்புத் தோழி ஒருத்தி எழுந்து, “ஐ ஹேவ் ஹங்கர்” என்று சொல்லிவிட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தவர்களே. அச்சிரிப்பு தகுமா என்ற எண்ணம் பின்னரே எழுந்தது.

அவள் ஸ்பெயின் நாட்டில் பிறந்து அதையே தன் மொழியில் சொல்லியிருந்தால், எவர் சிரித்திருப்பார்? அங்கே பசித்தவள் “தெங்கோ ஆம்ப்ரே” என்பாள். ‘பசியை உடையேன்’ என்பது அதன் நேர்ப்பொருள். வயதும் அவ்வாறே. ஆங்கிலச் சிறுமி, தானே பன்னிரண்டாக இருப்பதுபோல் “ஐ ஆம் ட்வெல்வ்” என்கிறாள். ஸ்பானியச் சிறுமியோ பன்னிரண்டு ஆண்டுகளை உடையவள். நாமோ பசியாக இருப்பவரும் அல்லோம், பசியை உடையவரும் அல்லோம், நமக்குப் பசிக்கிறது! வயிறு என்னவோ எங்கும் ஒன்றுதான்.

ஆங்கிலத் தேர்வில் அவள் சொன்னது பிழையே, மதிப்பெண் குறையட்டும். சிரிப்பு எதற்கு?

‘ஆம், இஸ், ஆர்’ ஆகிய மூன்றும் ஒரே வினையின் உருவங்கள். ஒருத்தி யார், எத்தன்மையள், எங்கே இருக்கிறாள், இப்போது எந்நிலையில் இருக்கிறாள் என்ற அத்தனை சுமையையும் அது தனியே சுமக்கிறது. ஸ்பானியர் அச்சுமையை ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என்னும் இரு வினைகளுக்குப் பங்கிட்டுவிட்டனர். முன்னது பெரும்பாலும் தன்மையைச் சொல்லும். ‘நில்’ என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்வழி வந்த பின்னது நிலையைச் சொல்லும். “எஸ் அபுர்ரீதா” என்றால் அவள் பிறரைச் சலிப்படையச் செய்பவள். “எஸ்தா அபுர்ரீதா” என்றால், பாவம், அவளே சலித்துப்போய் இருக்கிறாள். எவ்வளவு வேறுபாடு! “ஷி இஸ் டல்” என்று பள்ளியிலிருந்து குறிப்பு வந்தால், அது ஸேரா எஸ்தாரா என்று பெற்றோர் கேட்கலாம் அல்லவா? அன்று அவளுக்குக் காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம்.

ஆயினும், நிலையானதற்கு ஸேர், மாறுவதற்கு எஸ்தார் என்னும் எளிய சூத்திரத்தை நம்பிவிடலாகாது. இறந்தவரைக் குறிக்க வருவது எஸ்தார். சாவினும் மாறாதது எது? ஒரே நாளில் முடியும் திருமணம் எங்கே நடக்கிறது என்பதற்கோ ஸேர்!

உரிமையைச் சொல்லவும் ஸேர் வரும். புத்தகம் மரியாவுடையது என்பதற்கு “எஸ் தே மரியா”; ஆவிலா ஊரினள் நான் என்பதற்கு “சோய் தே ஆவிலா”. யாருடையது, எவ்வூரினள் என்ற இரண்டுக்கும் ‘தே’ ஒன்றே. 1515இல் பிறந்த புனித தெரேசாளை நாம் ஊரால் அழைக்கிறோம், அவிலா தெரேசாள் என்று. அவர் துறவறத்தில் ஏற்ற பெயரோ ‘தெரேசா தே ஹெசூஸ்’, இயேசுவின் தெரேசா.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டு, இவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நம் பள்ளியில் ஸ்பானியத் தேர்வு எப்போது வைப்பார்கள்?” என்றாள்.