வீட்டிலிருக்கும் வாத்தியார்

பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிவைக்க வேண்டுமென்கிற ஆசை பட்டணங்களில் மாத்திரமல்லாமல் சிறு ஊர்களிலும் பெருகி வருகிறது. இதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. வரவேற்கவே செய்கிறோம். ஆனால் அந்த ஆசை வந்ததும் நம்மவர்கள் செய்கிற முதல் காரியம் என்ன? வாத்தியாரைத் தேடி மாதச் சம்பளம் பேசுவதும், அன்று முதல் வீட்டிலுள்ள கிழவி தாலாட்டுப் பாடினால், "அது காட்டுப் பாட்டு, பிள்ளையின் சுரம் கெட்டுப்போகும்" என்று அவள் வாயை அடைப்பதும்தான்.

அந்தக் கிழவி யார்? பத்துப் பேரோடு வரிசையில் நின்று, பாட்டுக்குச் சரியாகக் குனிந்து நாற்று நட்டவள். கும்மியில் தப்பாமல் கை தட்டியவள். அவளுக்குத் தாளம் தெரியாதென்று சொல்லுகிறவர்களுக்குத் தாளம் என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்கிறோம்.

ஹங்கேரி தேசத்திலும் ஒரு காலத்தில் இதே நிலைதான். ஜெர்மன் சங்கீதமே சங்கீதமென்றும், குடியானவன் பாட்டு கேட்கத் தகாததென்றும் பட்டணத்துப் பெரியமனிதர்கள் நினைத்திருந்தார்கள். ஸோல்தான் கோடாய் என்பவர் 1905ல் கிராமங்களுக்குப் போய்ப் பாட்டுச் சேர்க்கத் தொடங்கினார். பேலா பார்டோக் என்பவரும் சேர்ந்துகொண்டார். இருவருமாக 1906ல் இருபது பாட்டுகளை அச்சிட்டார்கள். இவர்கள் படியாதவர்களல்ல. கோடாய் நாட்டுப் பாட்டைப்பற்றியே ஆராய்ந்து எழுதி டாக்டர் பட்டம் பெற்றவர். குழந்தை இலக்கணம் படித்துவிட்டா தாய்மொழி பேசுகிறது? பாட்டும் அப்படித்தான், முதலில் காது, பிறகு வாய், அதன் பிறகே எழுத்து என்பது அவர் கண்ட முறை. 1950ல் கெச்கெமேத் என்ற ஊரில் இந்த முறையில் ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது. 2016ல் யுனெஸ்கோ சபையே இதைப் போற்றத்தக்க முறையென்று பதிவு செய்தது.

இதை நம் வீட்டில் செய்ய ஆர்மோனியம் வேண்டியதில்லை. தாலாட்டுகளில் பல நாலைந்து சுரத்துக்குள் அடங்குபவை. அதைச் சொல்லில்லாமல் முனகி, இது எந்தப் பாட்டென்று பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கும்மியைப் பாடிக்கொண்டே கை தட்டச் சொல்லுங்கள். மூன்று மூன்றாக வரும் அந்தத் தட்டுக்குத்தான் வித்துவான்கள் திசிரமென்று பேரிட்டிருக்கிறார்கள். மெட்டு மனதில் நின்ற பிறகு சுரத்தின் பேரைச் சொல்லுங்கள். பின்னர் வாத்தியாரிடம் அனுப்பினால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

இன்னொன்றும் கேட்கிறோம். அடுத்த தெருவில் பறையடிக்கிறவரிடம் நாலு அடி கேட்டுப் பழக உங்கள் பிள்ளையை அனுப்புவீர்களா? அனுப்ப மனம் வரவில்லையென்றால், கோளாறு பறையின் ஓசையில் இல்லை, உங்கள் சாதிப் புத்தியில்தான் இருக்கிறது.

நிற்க, நாட்டுப் பாட்டென்றால் எல்லாம் உத்தமமா என்று சிலர் கேட்கலாம். இல்லவே இல்லை. ஆண் குழந்தை பிறந்தால் ராஜா, பெண் பிறந்தால் பாரம் என்கிற பாட்டுண்டு. சாதிப் பெருமை பேசுகிற பாட்டுண்டு. பேய் பிசாசைக் காட்டிப் பிள்ளையை மிரட்டுகிற பாட்டுமுண்டு. அந்தச் சொற்களைத் தயவு தாட்சணியமின்றித் தள்ளுங்கள். ஆனால் மெட்டு என்ன குற்றம் செய்தது? அதே மெட்டில் பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிற பாட்டைக் கட்டிப் பாடுங்கள். பழையது என்பதற்காக ஏற்பதும் தவறு. ஏழையுடையது என்பதற்காகத் தள்ளுவதும் தவறு.

அன்றியும் இதில் காலதாமதம் கூடாது. புத்தகத்தில் சொல் நிற்கும். மெட்டு பாடுகிறவர் வாயில்தான் நிற்கும். அந்தக் கிழவி போனால் அதுவும் கூடவே போகும். பார்டோக் போனோகிராப் பெட்டியை ஊர் ஊராகச் சுமந்து சென்றார். உங்களுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. சட்டைப் பையிலுள்ள செல்போனே அந்த வேலையைச் செய்யும். ஆகவே தோழர்கள் இன்றிரவே தங்கள் வீட்டுக் கிழவியைப் பாடச் சொல்லிப் பிடித்து வைத்துக்கொண்டு, நாளை காலையில் பிள்ளையை அவள் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.