நரைத்துப்போன பம்பர்

பழைய மாருதி 800 கார் ஒன்றை விலைக்கு வாங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சென்ற கோடையில் நம்மிடம் வந்து மனம் நொந்துகொண்டார். தரகர் காட்டிய நாளில் வண்டியின் பம்பர் காக்கைச் சிறகெனக் கறுத்து மின்னியதாம். வீட்டிற்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் மழை பெய்தது. மழை விட்டபின் பார்த்தால், அந்த மினுமினுப்பெல்லாம் வழிந்தோடி, பம்பர் சாம்பல் நிறத்தில் கோடுகோடாக நின்றதாம். “ஏமாந்துவிட்டேனே, சாமி! பம்பரே இப்படியென்றால் எஞ்சின் எப்படியிருக்குமோ?” என்பது அவருடைய அச்சம்.

சேமிப்பின் பெரும்பகுதியை அவ்வண்டியில் போட்டிருந்தார். எனவே அவருடைய கலக்கம் சிறியதன்று. எஞ்சினை நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டச் சொன்னோம். அதில் குறையொன்றும் இல்லை. பம்பருக்கு வருவோம். இரண்டையும் கழற்றியெறிந்து புதியன மாட்ட வேண்டும் என்று ஒருவர் அவருக்கு ஆலோசனை கூறியிருந்தார். அது வேண்டாத செலவு என்பதே நம் கருத்து. 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டி இன்றும் பல இல்லங்களில் உழைக்கிறது. ஆகவே இச்செய்தி அவருக்கு மட்டும் உரியதன்று.

வர்ணம் பூசாத கரும் பம்பர்கள் பெரும்பாலும் பாலிப்ராப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. இத்தாலிய அறிஞர் ஜூலியோ நத்தா 1954-இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டிய பொருள் அது. இத்துறை ஆய்வுக்காக 1963-இல் அவரும் ஜெர்மானியரான கார்ல் சீக்லரும் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எளிதில் உடையாது, எடையும் குறைவு. ஆயினும் வெயில் அதற்குப் பகை. கதிரவனின் புற ஊதாக் கதிர்கள், காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு, அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. இதைத் தடுக்கவே கரிப்பொடியைக் கலக்கிறார்கள். கரி அக்கதிர்களைத் தான் உறிஞ்சிக்கொள்வதால், கேடு மேல்தோலோடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் கறுப்பு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. மேல்தோல் நுண்ணிய வெடிப்புகளால் சொரசொரப்பாகி, ஒளியை நாற்புறமும் சிதறடிக்கிறது. நம் கண்ணுக்குச் சாம்பலாய்த் தோன்றுகிறது. வீட்டு வாசலிலுள்ள கருங்கற்படியைப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வெளுத்திருக்கும், ஒரு செம்பு நீர் ஊற்றினால் கறுத்துவிடும். தரகர் செய்ததும் இதுவே. சிலிக்கோன் பாலிஷோ வேறு எண்ணெயோ தடவி, வெடிப்புகளை ஈரமாக்கிவிட்டார். பழைய வண்டி வாங்கச் செல்வோர், பம்பரின் ஒரு மூலையைச் சோப்பு நீர்த் துணியால் துடைத்து, உலரவிட்டுப் பார்ப்பது நலம். நேர்மையான விற்பனையாளர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

இனி, சீர்செய்யும் முறை. வெண்மையெல்லாம் வெயிலால் வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வண்டிக்கு மெழுகுப் பாலிஷ் போடுகையில் அது பிளாஸ்டிக்கின் பொடிப்பள்ளங்களில் புகுந்து, சுண்ணாம்புபோல் காய்ந்துவிடும். ஆசிரியரின் வண்டியில் பாதி நரை இதுவே! மேனாடுகளில் இதற்கு நிலக்கடலை வெண்ணெயைத் தேய்ப்பாருண்டு. அதிலுள்ள எண்ணெய் மெழுகை இளக்குமாம். நம் ஊரில் எறும்புதான் வந்து சேரும். சோப்பு நீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் போதும். பிடிவாதமான இடத்தில் சிறிது சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். தின்னரை மட்டும் தொடாதீர்கள். அருகிலுள்ள வர்ணம் கெடும், ஏ.பி.எஸ். என்னும் வேறு பிளாஸ்டிக்காலான பாகங்கள் இருந்தால் அவை இளகிவிடவும் கூடும்.

நன்கு கழுவி, முற்றிலும் உலர்ந்தபின்பே மேற்பூச்சு. பணிமனைகளில் டீசலும் மண்ணெண்ணெயும் தடவுவதைக் காண்கிறோம். அன்று அழகாக இருக்கும். மறுநாள் தெருப்புழுதியெல்லாம் அதில்தான் ஒட்டும். சன்னலோர ரப்பர் பட்டைகளில் பட்டால் அவை ஊதிப்போய்த் தளர்ந்துவிடும். பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும், உலர்ந்து இறுகும் பூச்சு வாங்கினால் பல மாதங்கள் நிற்கும். சிக்கனம் வேண்டுவோர், மரத்தச்சர்கள் பயன்படுத்தும் காய்ச்சிய லின்சீட் ஆயிலை, அதாவது ஆளிவிதை எண்ணெயை, மிக மெல்லியதாகத் தடவி, எஞ்சியதைத் துடைத்துவிடலாம். அது ஆவியாவதில்லை, காற்றோடு கூடி மெல்லிய படலமாக இறுகுகிறது. கனமாகத் தடவினால் பிசுபிசுவென்று ஒட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அவ்வெண்ணெய் இறுகும்போது வெப்பம் பிறக்கிறது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, தீக்குச்சியின்றியே துணி பற்றிக்கொள்ளக்கூடும். இது கட்டுக்கதையன்று. வேலை முடிந்ததும் துணியை நீரில் அமிழ்த்துங்கள். அல்லது திறந்தவெளியில் விரித்துக் காயவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மறக்கவே கூடாது.

ஹீட் கன் என்னும் வெப்பக்காற்றுக் கருவியைக் காட்டினால் பம்பர் கணத்தில் கறுப்பதைக் கண்டு சிலர் வியக்கின்றனர். மேல்தோல் உருகி வெடிப்புகள் மூடிக்கொள்வதே அதன் இரகசியம். பாலிப்ராப்பிலீன் ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் உருகும்; அக்கருவியின் காற்றோ அதனினும் பன்மடங்கு சூடாக வரக்கூடும். கை ஒரு நொடி நின்றால் பம்பர் வளையும், பக்கத்து வர்ணம் கொப்புளிக்கும். மீண்டும் மீண்டும் செய்யவும் இயலாது. பழகிய கைக்கே அதை விட்டுவிடுவோம். முழுதும் கறுப்பு வர்ணம் அடித்துவிடலாமே என்பாருக்கும் ஒரு சொல்: இப்பிளாஸ்டிக்கில் வர்ணம் இயல்பாக ஒட்டாது, அதற்குரிய பிரைமர் பூசாவிடில் செதிள் செதிளாக உரியும்.

ஆசிரியரும் அவருடைய பேரனும் ஒரு சனிக்கிழமை முற்பகலில் கழுவி, மறுநாள் மாலை லின்சீட் ஆயில் தடவினர். அதன்பின் மழை பலமுறை பெய்துவிட்டது, கறுப்பு நிற்கிறது. பின்பக்கப் பம்பரின் இடது மூலையில் யாரோ உரசிவிட்டுப்போன ஆழ்ந்த கீறல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு நம்மிடம் மருந்தில்லை.