வைப்பாற்று மணலை அளக்காமல் கடலைக் கணிக்க வேண்டாம்

மழை இருட்டினால் ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் காயப்போடும் மேடைகள் காலியாகிவிடும். ஓடைகள் கரிசலைக் கரைத்துக்கொண்டு ஓடத் தொடங்கும். வைப்பாறு அந்த மண்ணைச் சாத்தூர், இருக்கன்குடி வழியே சுமந்துபோய், தூத்துக்குடி மாவட்டத்தின் சிப்பிகுளம் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்க்கிறது. அந்தக் கரையோரம் துறைமுக விரிவாக்கம், கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு என எதைக் கட்ட நினைத்தாலும், தண்ணீரும் மணலும் எப்படி நகரும் என்று முதலில் கணினி மாதிரியில்தான் பார்க்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால், ஆற்று மணலை நேரில் அளந்து சேர்க்காத கணிப்பை வைத்து எந்தத் திட்டத்துக்கும் அனுமதி தரக் கூடாது.

கடற்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர்மட்டம், நீரோட்ட வேகம், அடியிலிருந்து கிளம்பும் மணல், படியும் மணல் ஆகியவற்றை அடுத்தடுத்த நொடிகளுக்குக் கணக்கிட்டுக்கொண்டே போவதுதான் இந்த மாதிரி. மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. நெதர்லாந்தில் உருவான டெல்ஃப்ட்-3டி 2011-லேயே திறந்த மென்பொருளாக வெளியிடப்பட்டது. கட்டங்களின் விளிம்பில் எந்த எண்களைக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடல் பக்கம் பெரிய சிக்கல் இல்லை. ஓதத்தை நிலா, சூரியனின் ஓட்டத்தைக் கொண்டு முன்கூட்டியே கணித்துவிடலாம். தூத்துக்குடியில் அதன் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு.

ஆற்றுப் பக்கம் அப்படியல்ல. வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு. கடலுக்குப் போகும் மணலில் பெரும்பங்கு சில வெள்ள நாள்களில் போய்விடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டியதைப் போன்ற மழையை ஆண்டுச் சராசரிக்குள் அடக்கினால், கணினி ஒரு பொய் ஆற்றைத்தான் பார்க்கும். வெம்பக்கோட்டையிலும் இருக்கன்குடியிலும் உள்ள அணைகள் மணலைத் தடுத்து வைக்கின்றன. ஆற்றுக்குள் அள்ளிய மணல் ஒரு பக்கம், மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் மறுபக்கம். இத்தனைக்கும் பிறகு முகத்துவாரத்துக்கு வந்து சேர்வது எவ்வளவு?

அந்தக் கடலில் மணலின் அருமை பெரிது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கெனவே மூழ்கிவிட்டன. பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததே அதற்கு முதன்மைக் காரணம். வைப்பாற்றின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. தேய்ந்துவந்த வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று. தீவுகளுக்கும் கரைக்கும் இடையே எந்தக் கட்டுமானம் வந்தாலும், புதிதாக வரும் மணலின் அளவு தெரியாமல் அதன் விளைவைச் சொல்ல முடியாது.

அளவீடு இல்லாத இடத்தில் உத்தேசத்தைப் போடுவது உலக வழக்கம் என்று பொறியாளர்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் இங்கே அளவீடு எட்டாத ஒன்றல்ல. இருக்கன்குடியில் மத்திய நீர் ஆணையத்தின் நிலையம் இருக்கிறது. வெள்ளம் வரும் நாளில் தண்ணீரை மொண்டு, வடிகட்டி, மண்ணை உலர்த்தி எடைபோடுவது பெரிய செலவு பிடிக்கும் வேலையும் அல்ல. பாலத்திலிருந்து ஆற்றின் குறுக்கே பல இடங்களில், இரவிலும் மழையிலும் எடுக்க வேண்டும் என்பதுதான் சிரமம். அடியில் உருண்டு போகும் மணலுக்குத் தனி முறை வேண்டும். அணைகளில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்பதையும் நீர்வளத் துறையினர் அளந்து வெளியிடட்டும். மாதிரி சரியா என்று சோதிக்கும்போது, எந்த நீவாட்டில் (கடல் நீரோட்டத்தில்) மணல் எங்கே ஒதுங்கும் என்பதை வேம்பார், சிப்பிகுளம் மீனவர்களிடம் கேட்டுப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

கணக்கில் மணலை அலட்சியம் செய்தால் என்னாகும் என்பதைப் புதுச்சேரி பார்த்துவிட்டது. 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர் எழுந்த பிறகு வடக்கே போகும் மணல் தடைபட்டு, நகரின் கடற்கரையே காணாமல் போனது.

இத்தகைய கணக்கை மக்கள் கேள்வி கேட்கவும் வழி குறைவு. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக்கேட்புக்கு முன்னால் திட்டத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் மட்டுமே தமிழில் தரப்படுகிறது. மாதிரியின் விவரம் ஆங்கில இணைப்புகளில் புதைந்துவிடுகிறது. மாதிரி பற்றிய அந்தப் பகுதியையும், அதில் போட்ட எண்கள் எங்கே, எப்போது எடுக்கப்பட்டவை என்பதையும் முழுமையாகத் தமிழில் தர மாநில அரசு உத்தரவிட வேண்டும். வைப்பாற்று மணலுக்குப் போட்ட எண் எந்த வெள்ளத்தில் அளந்தது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லையென்றால், மாவட்ட ஆட்சியர் கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.